எருக்கம்பாலும் அண்ணன் கண்ணும்

எங்கள் அரை கிரவுண்டு மனையில் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் விஷம். அப்போது அதை நான் விஷம் என்று நினைக்கவில்லை, தோட்டம் என்றுதான் நினைத்தேன். மயிலாப்பூரில் ஏழு குடும்பங்கள் ஒரே குழாய்க்குச் சண்டை போட்ட வீட்டில் பதினெட்டு வயது வரை இருந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறுக்குக் குடிவந்தவள் நான். வடபழனியில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் தச்சு வேலை பார்த்த அப்பா, எங்களுக்கு நைனா, எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மணல் மனை அது. முன்னால் ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் ஆள் உயரத்துக்குப் பச்சை. வந்து இறங்கிய அன்று பாத்திர மூட்டையைக்கூட இறக்காமல் கொல்லைப்பக்கத்தை மூன்று முறை சுற்றி ஓடினேன். கல்யாண வயசுப் பெண் இப்படியா ஓடுவாள் என்று அம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

மறுநாளே என் திட்டத்தைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தரி, வெண்டை, ஓரமாக ஓர் அவரைப் பந்தல். அம்மா கேட்டுக்கொண்டே ஒவ்வொரு செடியாகக் கையை நீட்டினாள்.

"இத்தப் புடுங்குவியா? ஊமத்தம்பூ ஈஸ்வரனுக்கு. அரளி அம்மனுக்கு. குன்றிமணி இல்லாட்டி களிமண்ணு புள்ளையாருக்குக் கண்ணு எத்த வெப்பே? அப்பால இது வெள்ளெருக்குடி. புள்ளையாரே வந்து குந்திக்கினு கீறாரு. கைய வெச்சுப் பாரு, தெரியும் சேதி."

விஷச்செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி பாத்தியதை கொண்டாடியது. கத்தரிக்கும் வெண்டைக்கும்தான் கேட்க நாதியில்லை. ஊமத்தையைத் தின்றால் புத்தி கலங்கும் என்பதும், குன்றிமணியை எந்தக் குழந்தையும் கடிக்கக் கூடாது என்பதும் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தின்றால்தானே? சாமிக்குச் சாத்துகிற பூ தொட்டவர்களை ஒன்றும் செய்யாது என்பது அவள் கட்சி. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் அதெல்லாம் எடுபடவில்லை.

அந்த ஆவணியில் வீட்டில் வேறொரு பரபரப்பும் இருந்தது. அண்ணனுக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவன். சோடா கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டே கனரக லைசென்ஸ் எடுத்து, வேலை வாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, இரண்டு வருஷம் காத்திருந்தான். பஸ்ஸை ஓட்டிக் காட்டும் பரீட்சையில் தேறிவிட்டான். பாக்கி இருந்தது உடல் பரிசோதனை ஒன்றுதான், அதில் முக்கியமானது கண். ஸ்டூடியோவில் செட் போட்டால்தான் நைனாவுக்கு வேலை, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அதனால் அண்ணனின் அந்தப் பழுப்புக் கவரை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். பரிசோதனை வியாழக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை விநாயக சதுர்த்தி.

புது வீட்டில் முதல் பிள்ளையார். எருக்கம்பூ மாலைக்கு ஊரே கடைவீதியில் அலையும்போது எங்கள் கொல்லையில் அது மரமாகவே நிற்கிறது! எனக்கு நிலைகொள்ளவில்லை. தெருவில் இருந்த ஒன்பது வீட்டுக்கும் நானே மாலை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. நானாகப் போய்க் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். பூவெல்லாம் உச்சியில் கொத்துக் கொத்தாக இருந்தன. அவன் கிளையை வளைத்துப் பிடிக்க, நான் பறிக்க வேண்டும்.

"மெதுவா கிள்ளுடி. பாலு தெறிக்கும்."

இரண்டு முறை சொன்னான். ஒவ்வொரு பூவாகக் கிள்ளிக்கொண்டிருந்தால் ஒன்பது மாலை எந்தக் காலத்தில் ஆவது? ஒரு கொத்தைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்தேன். கிளை பட்டென்று முறிந்தது. என் கை, பாவாடை, அண்ணன் முகம் எல்லாவற்றிலும் பால். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை அழுத்தித் துடைத்தான். காலையிலிருந்து கையில் பட்ட எருக்கம்பாலையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்த அதே துண்டு.

"கண்ணுல பட்டுட்டுதாண்ணா?"

"லைட்டா. ஒண்ணியும் எரியல. நீ பறி."

எரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுப்பங்கரையில் அம்மா மிளகாய் வறுத்தாலே தெருக்கோடிக்கு ஓடுகிறவன் அவன். ஒரு பொட்டு எரிந்திருந்தாலும் கிணற்றடிக்குப் பறந்திருப்பான், நானும் வாளி வாளியாக இறைத்து ஊற்றியிருப்பேன். எருக்கம்பாலுக்குக் கண்ணை மரத்துப் போகச் செய்கிற குணம் உண்டு என்பது எங்களுக்கு யார் சொல்லித் தெரியும்? எரியாததால் ஆபத்தில்லை என்று முடிவு கட்டி, ஒரு கூடை நிறையப் பறித்தோம். நான் பாட்டுப் பாடிக்கொண்டே பறித்தேன்.

சாயங்காலம் விளக்கு போட்டதும் அண்ணன் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தே, இங்க வா. பல்பைச் சுத்தி கலர் கலரா வளையம் கீதே, உனுக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. என்ன கலர், எத்தனை வளையம் என்று ஆவலாகக் கேட்டேன். எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. என் மடத்தனத்துக்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

சதுர்த்தி அன்று காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். வலது கண்ணை மூடினால் கண்ணாடியில் அவன் முகமே இல்லையாம், அரிசி கழுவின தண்ணிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். கண் சிவந்திருந்தது. வலி மட்டும் அப்போதும் இல்லை.

அம்மா பதறினாள். ஆனால் பண்டிகை நாளில் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. "புள்ளையார் பூவுதானே? அவுரே சரி பண்ணுவாரு" என்று எதிர் வீட்டிலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து மூடிய இமை மேல் வைத்துத் துணியால் கட்டினாள். ஒரு கண்ணில் கட்டோடு அண்ணன் கொழுக்கட்டை தின்றான். ஒன்பது வீட்டுப் பிள்ளையாரும் நான் கட்டிய மாலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் என்னைப் புகழ்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் கண்ணில் மூட்டம் கலையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணன்தான் மறுத்தான். அவனோடு ஓட்டிக் காட்டின ஒருத்தனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதென்று போன வாரம் கண் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஆஸ்பத்திரில சீட்டு எழுதிட்டா அவ்ளோதான் நைனா. ரெண்டு வருசம் போச்சு. எனுக்குக் கண்ணு தெரியலன்னு நானே எழுதிக் குடுத்தா மாதிரி ஆயிடும்."

அவன் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவே இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

நான் அப்போது மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும் பலகை மாட்டியிருக்கும். டாக்டர்கள் வைத்திருப்பதும் அதே பலகைதான் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். புதன்கிழமை கிளாஸுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பார்த்தது என் முகத்தை அல்ல, சுவரை. விரல்கள் பாவாடை மடிப்பில் அந்த எழுத்துகளை டைப் அடித்துக்கொண்டே இருந்தன. டைப்ரைட்டிங் படித்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அதுதான்.

"எது பிடிச்சிருக்குமா?" என்று கடைக்காரர் பொறுமை இழந்து கேட்டார்.

"எல்லாமே நல்லா கீது. அம்மாவ இட்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம். பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்த என்னைப் பக்கத்துச் சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்து பார்த்தாள்.

அன்று பொழுது சாயும்வரை கொல்லையில் பாடம் நடந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் அண்ணன். ஆனால் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தெரியும், லாரி நம்பர் பார்த்தே கற்றுக்கொண்டான். ஒவ்வொரு வரியாக நான் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். தலைகீழாகக் கேட்டேன், நடுவிலிருந்து கேட்டேன். எட்டாவது வரி வரை கடகடவென்று வந்துவிட்டது. எனக்கு அப்படியொரு உற்சாகம்! எங்கள் சாமர்த்தியத்துக்கு முன்னால் எருக்கம்பாலாவது மண்ணாவது என்று குதித்தேன். அண்ணன் சிரித்தான், ஆனால் முழுக்கச் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். பஸ் டிப்போவை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடம். ஜன்னல் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் நின்றால் உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே பலகை! கையைத் தட்டாமல் இருக்க என் வாயைப் பொத்திக்கொண்டேன், ஏன் வாயைப் பொத்தினேன் என்று தெரியவில்லை.

இடது கண்ணை மூடச் சொன்னார்கள். வலது கண்ணால் நிஜமாகவே பார்த்து, பதற்றத்தில் திக்கித் திக்கிப் படித்தான். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மூச்சு விடாமல் எட்டு வரியையும் ஒப்பித்துவிட்டான்.

"என்னப்பா, வலது கண்ணைவிட இடது கண் இன்னும் நல்லாத் தெரியுதே!" என்றார் டாக்டர். நான் மரத்தில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தேன்.

அண்ணன் வெளியே வந்தபோது கையில் தகுதி என்று எழுதிய காகிதம். முத்திரை போட்டு, டாக்டர் கையெழுத்தும் போட்டது. நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். அம்மா முகத்தை நினைத்துக்கொண்டேன், நைனா உளியைக் கீழே வைப்பதை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் எல்லோருக்கும் கதம்பம் வாங்கிப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கினேன்.

பாதி ரோடு வரை வலது பக்கம் பார்த்து வந்தோம். பாதி தாண்டியதும் இடது பக்கம் பார்க்க வேண்டும். அண்ணன் தலையை முழுக்கத் திருப்பாமல் இடது ஓரக்கண்ணால் பார்த்தான், ஒன்றும் வரவில்லை என்று காலை எடுத்து வைத்தான். ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. முன் பாரில் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையோடு ஒரு சின்னப் பெண். அவள் அப்பாவாக இருக்க வேண்டும், பெல்லை அடித்துப் பார்த்து, கடைசியில் ஹேண்டிலை ஒடித்தார். சைக்கிள் சரிந்து மூவரும் ஒன்றாக விழுந்தார்கள்.

"யோவ், கண்ணு கீதா இல்லியா? சாவுகிராக்கி! எதுக்க வர்றது தெர்ல?"

அந்த மனுஷர் கத்திக்கொண்டே எழுந்தார். குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்புதான். அது அழவில்லை. கீழே கொட்டின பலப்பத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மண்டி போட்டு அதோடு சேர்ந்து பொறுக்கினான். ஒரு துண்டு அவன் இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குழந்தை விரலால் காட்டிய பிறகுதான் எடுத்தான்.

சைக்கிள் போன பிறகு அவன் ரோட்டைக் கடக்கவில்லை. வந்த வழியே திரும்பினான்.

"எங்கண்ணா போறே?"

"டாக்டரண்ட."

"பைத்தியமா உனுக்கு? கையெழுத்து ஆயிடிச்சு. இன்னும் நாலு நாள்ல கண்ணு தானா சரியாவும். யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்த நாலு நாள்ல ஓட்டச் சொல்லிட்டா? நேத்து ஃபுல்லா நீ எழுத்து சொல்லிக் குடுத்தே. அந்தப் பாப்பா வர்றத யாரு சொல்லிக் குடுப்பா?"

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நடுரோட்டில், ஆள் போகிற வருகிற இடத்தில் கத்தினேன். அவன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் மெதுவாக என் விரல்களைப் பிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான். மறுபடியும் அந்த ஜன்னலோரம். இந்த முறை எட்டிப் பார்க்கத் துணிவில்லை.

உள்ளே முதலில் அண்ணன் குரல் கேட்டது, விட்டுவிட்டு. எருக்கம்பூ, பால், பல்பு வளையம், பலகை எல்லாவற்றையும் சொன்னான்.  அப்புறம் டாக்டரின் சத்தம்.

"இந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்குய்யா! நாற்பது பேரை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? யார் உனக்குப் பலகையைச் சொல்லிக் கொடுத்தது?"

"நானேதான் சார் கத்துக்கினேன். கண்ணாடிக் கடையில பாத்து."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

"பொய் சொல்றான் சார். நான்தான் மனப்பாடம் பண்ணி வந்து சொல்லிக் குடுத்தேன். பால் தெறிச்சதும் என்னாலதான். மெதுவாக் கிள்ளுன்னு ரெண்டு தபா சொன்னான், நான்தான் கேக்கல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சின்ன டார்ச்சை எடுத்து அண்ணன் கண்ணில் அடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி என் கண்ணையும் பார்த்தார். என் கண்ணில் ஒன்றும் இல்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"ஒவ்வொரு பிள்ளையார் சதுர்த்திக்கும் இந்தக் கண்ணோடு நாலு பேர் வருவாங்க. வலிக்கலைன்னு விட்டுடுவாங்க. பட்ட உடனே கால் மணி நேரம் விடாம தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா பாதி தொந்தரவு இல்லை. வேற என்ன போட்டீங்க?"

"நந்தியாவட்டைப் பூ" என்றேன்.

"அதைக் கிள்ளினாலும் பால்தானே வருது? ஒரு பாலுக்கு இன்னொரு பால் மருந்தா?"

அந்தக் காகிதத்தில் தகுதி என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். என் கண்ணெதிரே அடித்தார். மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை என்று பக்கத்தில் எழுதினார். கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். மூன்று வாரத்தில் தெளிவாகிவிடுமா என்று அண்ணன் கேட்டதற்கு, பெரும்பாலும் ஆகும், ஆகாமலும் போகலாம் என்றார். கிளம்பும்போது, அந்தச் செடியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரே கேட்டார். வெட்டி எரித்துவிடுவோம் என்று நான் வீறாப்பாகச் சொன்னேன். மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெட்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது, புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது என்று விலாவாரியாகச் சொன்னார். டைப்ரைட்டிங் மாணவி அல்லவா, ஒரு சொல் விடாமல் மனதில் அடித்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். வெள்ளெருக்கின் முன்னால் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளையாரே, உனுக்கு அருகம்புல்லு போதும்பா. எம்புள்ளைக்குக் கண்ணு வேணும்" என்றாள் சத்தமாக. பிறகு என் பக்கம் திரும்பி, "கடப்பாரை எங்கடி? ஒண்ணு வுடாம எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு நாளை நான் அப்புறம் பார்க்கவில்லை. நைனா ஸ்டூடியோவில் வெல்டிங் செய்கிறவர்களிடம் கேட்டு மூன்று கருப்புக் கண்ணாடி இரவல் வாங்கி வந்தார். அதைப் போட்டால் பட்டப்பகலே மங்கலாகிவிட்டது. உடனே உட்கார்ந்து கருப்புச் சில்லைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சில்லைப் பொருத்திக் கொடுத்தார். அம்மா புடவைக்கு மேல் நைனாவின் முழுக்கைச் சட்டை, கையில் கோணித் துணி, கண்ணில் வெல்டிங் கண்ணாடி. அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனைச் செடி பக்கமே விடவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, யார் மேலாவது பால் பட்டால் உடனே ஊற்றுவதற்கு வாளிகளில் தண்ணீர் இறைத்து வைத்திருப்பது அவன் வேலை. தெருவில் ஒன்பது வீட்டு ஆட்களும் வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்கள். இன்னொரு மாலை கட்டிக் கொடுத்துவிடுவேன் என்று பயந்தார்களோ என்னவோ, யாரும் கிட்டே வரவில்லை.

முதலில் வேரடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கினோம். தண்டில் கத்தியே படக்கூடாது. சுற்றிலும் தோண்டி, வேரோடு அப்படியே சாய்க்க வேண்டும். ஒரு கிளை ஒடிந்தாலும் அம்மா "நில்லு!" என்று கத்துவாள், எல்லோரும் அசையாமல் நிற்போம். பால் வழிந்து அடங்கும் வரை மண்ணை அள்ளிப் போட்டு மூடுவோம். ஊமத்தங்காய் வெடித்து விதை சிதறுவதற்கு முன்னால் ஒவ்வொரு காயாகப் பைக்குள் விழவைத்துப் பறித்தோம். குன்றிமணிக் கொடியை அறுக்கும் முன்னால் கீழே பழைய வேட்டியை விரித்தோம். அதில் விழுந்த மணிகளை அம்மா குழந்தைகள் கண்ணில் படாமல் எண்ணெய் டப்பாவில் போட்டு மூடினாள். அரளியைக் கடைசியாகச் சாய்த்தோம். தெரு ஆடு ஒன்று மணம் பிடித்து வந்தது, நைனா அதை விரட்டவே அரை மணி நேரம் ஓடினார்.

வெள்ளெருக்கு மட்டும் லேசில் வரவில்லை. மணலுக்கு அடியில் அதன் வேர் இடுப்பு ஆழத்துக்குப் போயிருந்தது. நானும் அம்மாவும் நைனாவும் கடப்பாரையை நெம்பி, மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். திடீரென்று அது விடுபட்டது. நாங்கள் மூவரும் மணலில் மல்லாந்து விழுந்தோம். கிணற்றடியிலிருந்து அண்ணன் கைதட்டினான். வேலிக்கு வெளியேயும் கைதட்டினார்கள். நான் மணலில் கிடந்தபடியே கத்திச் சிரித்தேன், எங்கள் தோட்டம் அன்றுதான் எங்களுடையதாயிற்று.

எல்லாவற்றையும் மூலையில் ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மேலே சுண்ணாம்பைத் தூவி மூடினோம். போட்டிருந்த துணியைத் தனியாக அலசினோம். கடப்பாரையைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினாள் அம்மா. கை கழுவும் வரை யாரும் முகத்தைத் தொடக்கூடாது. மூக்கு அரித்ததில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல?

தோட்டம் ஒரே நாளில் சுத்தமாகிவிட்டது. கண் அப்படி ஆகவில்லை. சொட்டு மருந்து வேளை தவறாமல் விட்டேன், அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் வாரம் மாற்றமே இல்லை. இரண்டாவது வாரத்தில் கிணற்றுக் கயிற்றின் முறுக்கு தெரிகிறது என்றான். நான் அதை நம்பவில்லை, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன். பலகையை வைத்துக் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை, அவனுக்குத்தான் அது மனப்பாடம் ஆயிற்றே. ராத்திரி படுக்கையில் அந்த எழுத்துகள் தானாக ஓடின. அவற்றை மறக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது போல வேறெதற்கும் வேண்டியதில்லை.

மூன்று வாரம் முடிந்த வியாழக்கிழமை, அண்ணன் உள்ளே போனான். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, ஆணியில் எதையோ மாட்டும் சத்தமும் கேட்டது.

"வலது கண்ணை மூடு. இதைப் படி."

"ட" என்றான் அண்ணன்.

அவன் சொன்னது தமிழ் எழுத்து. டாக்டர் பலகையை மாற்றிவிட்டார். 

"ப, ர" என்றான். "ம், அடுத்த வரி" என்றார் டாக்டர். அவன் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, இந்தப் பலகையில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. "அடுத்த வரி" என்ற அந்தக் குரல் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அது மறுபடி வந்தது. மறுபடி வந்தது. ஆறாவது வரியில் அண்ணன் நின்றுவிட்டான். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரமில்லை. நல்லாப் பார்த்துச் சொல்லு."

"வ" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ல. ன. கடைசி எழுத்து… அது ள சார். சுழி தெரியுது."

உள்ளே காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "போதும், எழுந்திரு" என்றார் டாக்டர். "உன் தங்கச்சியை வரச் சொல்லு. இந்தத் தடவை கையெழுத்து போடறதை அவளும் பார்க்கட்டும்."